முப்பதைத் தாண்டிய பிறகும் முகப்பருவா? தோல் மருத்துவர் பதில்கள்

போன இதழில் பள்ளிப் பிள்ளைகளின் முகப்பரு பற்றி எழுதியதைப் படித்துவிட்டு, "எங்களுக்கும் வருகிறதே டாக்டர்" என்று முப்பது, நாற்பது வயதுக்காரர்கள் நிறையப் பேர் எழுதியிருக்கிறீர்கள். பலரும் சொல்வது ஒரே மாதிரியான பருவைத்தான். முகம் முழுக்க இல்லை, எப்போதாவது ஒன்றோ இரண்டோ. ஆனால் வந்தால் ஆழத்தில் வரும், வலிக்கும், வாரக்கணக்கில் இருக்கும், போகும்போது தழும்பை வைத்துவிட்டுப் போகும். இந்த முறை பகுதி முழுவதும் அதற்குத்தான்.

எனக்கு 34 வயது, பள்ளி ஆசிரியை. கல்லூரி நாட்களில்கூட எனக்குப் பரு வந்ததில்லை. இரண்டாவது குழந்தைக்குப் பால் நிறுத்திய பிறகு, மாதவிலக்குக்கு ஒரு வாரம் முன்னால் தாடையோரத்தில் ஒரே ஒரு பெரிய பரு வருகிறது. மேலே முனை இல்லை, உள்ளே உருண்டையாகத் தட்டுப்படுகிறது. தொட்டால் காது வரை வலி. எல்லா மாதமும் வருவதில்லை. சூட்டுக்கட்டி என்று சொல்லி மாமியார் சுண்ணாம்பும் மஞ்சளும் குழைத்துப் போடச் சொன்னார். போட்டதில் தோல் வெந்துவிட்டது. வகுப்பில் பிள்ளைகள் "மிஸ், தாடையில என்ன?" என்று கேட்கிறார்கள். எப்போதாவது வரும் ஒரு பருவுக்காக டாக்டரிடம் போக வேண்டுமா?
*வாசகி, கோவில்பட்டி*

கட்டாயம் போக வேண்டும். "ஒன்றுதானே" என்று விட்டுவிடுவதால்தான் பலருக்கும் தழும்பு விழுகிறது. நெற்றியில் பொடிப்பொடியாக ஐம்பது பரு வந்தாலும் சுவடில்லாமல் போகலாம். தாடையில் ஆழமாக வந்த ஒன்று ஆயுசுக்கும் ஒரு பள்ளத்தை விட்டுப் போகலாம். அதனால் நாங்கள் எத்தனை பரு என்று மட்டும் பார்ப்பதில்லை. எவ்வளவு ஆழம், தழும்பு விழுகிறதா என்றும் பார்த்துத்தான் மருந்து எழுதுகிறோம்.

முதலில் சுண்ணாம்பை நிறுத்துங்கள். உங்கள் மாமியார் அக்கறையில்தான் சொல்கிறார். அவர் பார்த்துப் பழகியது சூட்டுக்கட்டியை. அது கிருமி தொற்றி வரும் சீழ்க்கட்டி. தொடை, பிட்டம், அக்குள், முகம் என்று எங்கும் வரும், சில நாளில் பழுத்து முனை வைத்து உடையும். உங்களுக்கு வருவதோ மாதவிலக்கை ஒட்டி, ஏறத்தாழ அதே இடத்தில் வந்து, முனை வைக்காமல் உள்ளேயே நிற்கிறது. இது பருதான். சுண்ணாம்பு கடுமையான காரம், மஞ்சளோடு குழைத்தாலும் காரம்தான். மேல்தோலை அரிக்கும், அடியில் இருக்கும் உருண்டையை எட்டாது. பற்பசை, எலுமிச்சைச் சாறு, சோடா உப்பு எதைப் போட்டாலும் மேல்தோல் புண்ணாவதுதான் மிச்சம்.

உள்ளே என்ன நடக்கிறது என்று தெரிந்தால் ஏன் பிதுக்கக் கூடாது என்பதும் விளங்கும். ஒவ்வொரு மயிர்க்காலோடும் ஓர் எண்ணெய்ச் சுரப்பி ஒட்டியிருக்கிறது. அதை முடுக்குவது ஆண்ட்ரோஜன் என்ற ஆண் ஹார்மோன். பெண்களின் உடம்பிலும் அது உண்டு. மயிர்க்காலின் வாயை உதிர்ந்த தோல் செல்கள் அடைத்துக்கொண்டால் எண்ணெய் உள்ளேயே தேங்கும். எல்லார் தோலிலும் குடியிருக்கும் க்யூட்டிபாக்டீரியம் என்ற நுண்ணுயிர் அங்கே பெருகும். சின்னப் பரு என்றால் பெரும்பாலும் இதோடு நின்றுவிடும். உங்களுக்கு வருவதில் மயிர்க்காலின் சுவர் அடியில் கிழிந்து, உள்ளிருந்ததெல்லாம் தோலின் ஆழத்தில் கொட்டிவிடுகிறது. உடம்பு அதை வேற்றுப் பொருளாக எண்ணி எதிர்த்துச் சண்டை போடுகிறது. அந்த வீக்கம்தான் உங்கள் விரலுக்குத் தட்டுப்படும் உருண்டை. பிதுக்கி எடுக்க அங்கே சீழ் மூட்டை எதுவும் இல்லை, வெளியே வர வாசலும் இல்லை. இரண்டு நகத்தை வைத்து அழுத்தினால் கிழிசல் இன்னும் பெரிதாகும், மறுநாள் வீக்கம் கூடியிருக்கும்.

இன்னொன்றும் உண்டு. இந்த அடைப்பு கண்ணில் படுவதற்குப் பல வாரம் முன்பே தொடங்கிவிடுகிறது. இன்று வலிக்கும் பரு போன மாதமே உள்ளே உருவாக ஆரம்பித்தது. ஆகவே வந்துவிட்ட பருவின் தலையில் மருந்தைத் தொட்டு வைப்பதால் அடுத்ததைத் தடுக்க முடியாது. பரு வரும் பகுதி முழுவதும், பரு இல்லாத நாட்களிலும் மருந்து போட வேண்டும். இந்த இதழில் வேறு எதை மறந்தாலும் இதை மறக்காதீர்கள்.

நோயாளியாகவும் இதைச் சொல்கிறேன். நாற்பதை ஒட்டிய வயதில் எனக்கே தாடையின் இடது பக்கம் இப்படி வர ஆரம்பித்தது. ஓ.பி.யில் எதிரே வந்து உட்காருபவர்களின் பார்வை நேராக அங்கேதான் போகும். "உங்களுக்கே வருதா டாக்டரம்மா?" என்று ஒரு பாட்டி வாய்விட்டே கேட்டார். "வருது பாட்டி, எல்லாருக்கும் ஒரே தோல்தானே" என்றேன். அதோடு அவருக்கும் விஷயம் முடிந்தது, எனக்கும் முடிந்தது. உங்கள் பிள்ளைகளிடமும் அப்படியே சொல்லுங்கள். "பரு வந்திருக்கு, வலிக்குது, சரியாயிடும்." பிள்ளைகளுக்கு அது போதும். ஆசிரியர் அறையில் "என்னாச்சு, தூங்கலையா?" என்று விசாரிப்பவர்களுக்கும் அது போதும்.

நான் இரவில் போடுவது அடாபலீன் 0.1 சதவீத ஜெல். மயிர்க்காலின் வாய் அடைபடாமல் பார்த்துக்கொள்ளும் மருந்து அது. போடும் விதத்தில்தான் பலரும் தவறிவிடுகிறார்கள், கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். முகத்தைச் சாதாரண ஃபேஸ்வாஷில் கழுவி, ஒற்றித் துடைத்து, நன்றாகக் காயும் வரை ஒரு இருபது நிமிடம் விடுங்கள். ஈரத்தோலில் போட்டால் எரியும். ஒரு பட்டாணி அளவுதான் முகம் முழுமைக்கும். அதை நெற்றி, இரு கன்னம், தாடை என்று புள்ளி வைத்துப் பரப்ப வேண்டும். கண்ணோரம், மூக்கின் மடிப்பு, உதட்டோரம் வேண்டாம். மேலே மாய்ஸ்சரைசர். முதல் இரண்டு வாரம் வாரத்துக்கு இரண்டு மூன்று இரவு போடுங்கள், அப்புறம் ஒன்று விட்டு ஒரு நாள், பழகிய பிறகு தினமும். ஆரம்பத்தில் தோல் உரியும், சிவக்கும், ஒன்றிரண்டு பரு கூடுதலாகவும் வரலாம். அந்தக் கட்டத்தில்தான் பாதிப் பேர் டியூபைத் தூக்கிப் போடுகிறார்கள். 12 வாரம் கொடுங்கள். அதற்கு முன் தீர்ப்புச் சொல்லாதீர்கள். கர்ப்பம் என்றாலோ, அதற்குத் திட்டமிட்டாலோ இதை நிறுத்திவிட வேண்டும்.

காலையில் பென்சாயில் பெராக்சைடு 2.5 சதவீதம் போதும். 10 சதவீதம் வாங்கினால் எரிச்சல்தான் கூடும், பலன் கூடாது. அது துணியின் சாயத்தை எடுத்துவிடும் என்பதைக் கடையில் யாரும் சொல்வதில்லை. என் வீட்டு நீலத் தலையணை உறைகளில் எல்லாம் வெளிறிய ஆரஞ்சு வட்டங்கள் உண்டு. முகம் காயும் முன் பட்டுப் புடவை கட்டாதீர்கள்.

சரி, வந்துவிட்ட பருவுக்கு என்ன செய்வது? துணியில் சுற்றிய ஐஸ் கட்டியை ஐந்து பத்து நிமிடம், நாளுக்கு இரண்டு மூன்று முறை வைத்தால் வலியும் வீக்கமும் தணியும். கையை எடுத்துவிடுங்கள், அவ்வளவுதான். மிகப் பெரியதாக, தழும்பு விழுமோ என்று பயப்படும்படி இருந்தால் தோல் மருத்துவர் அந்த உருண்டைக்குள்ளேயே ட்ரையாம்சினோலோன் என்ற ஸ்டீராய்டை நன்றாக நீர்க்கச் செய்து, மெல்லிய ஊசியில் ஒரு துளி ஏற்றுவார். இரண்டு மூன்று நாளில் அமுங்கிவிடும். அளவு கூடினால் அந்த இடம் குழி விழும், ஆகவே கை பழகியவரிடம்தான் போட்டுக்கொள்ள வேண்டும். இதை மாதாமாதம் போடுவதில் எனக்கு உடன்பாடு இல்லை. அந்த நிலை வந்தால் தடுப்பு மருந்து போதவில்லை என்று அர்த்தம்.

போதவில்லை என்றால் அடுத்த படி உண்டு. பெண்களுக்கு ஸ்பைரனோலாக்டோன் மாத்திரை நன்றாக வேலை செய்கிறது. ரத்த அழுத்தத்துக்கும் உடம்பில் நீர் கோப்பதற்கும் பல காலமாகக் கொடுத்துவரும் மாத்திரைதான். ஆண்ட்ரோஜன் தோலில் செய்யும் வேலையை அது தடுக்கிறது. பிரிட்டனில் 410 பெண்களை வைத்து நடத்தி 2023-ல் வெளியான ஆய்வில், 12 வாரத்தில் தெரிந்த வித்தியாசம் சிறியது, 24 வாரத்தில் நன்றாகவே தெரிந்தது. இதற்கும் பொறுமை வேண்டும் என்று பொருள். மாதவிலக்கு நாள் தப்பலாம், தலை சுற்றலாம். கர்ப்பத்தில் கூடவே கூடாது. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்குப் பொட்டாசியம் ஏறிவிடும், முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

ஹார்மோன் பரிசோதனை வேண்டுமா என்று அடுத்து கேட்பீர்கள். மாதவிலக்கு முறையாக வருகிற பெண்களில் பெரும்பாலோருக்கு ரத்தத்தில் எல்லாம் சரியாகவே இருக்கும், சுரப்பிதான் அந்த அளவுக்கே கூடுதலாகத் துள்ளுகிறது. மாதவிலக்கு தள்ளித் தள்ளிப் போவது, மோவாயில் கருமுடி, உச்சந்தலையில் முடி குறைவது, இவை கூடவே இருந்தால் மட்டும் பிசிஓஎஸ் என்ற சினைப்பை நீர்க்கட்டிக் கோளாறு இருக்கிறதா என்று பார்த்துவிடலாம்.

வயது 38. ஓசூரில் தொழிற்சாலை வேலை, தினமும் பைக்கில் போய் வருகிறேன். ஆறு மாதமாக ஜிம்முக்குப் போகிறேன், புரோட்டீன் பவுடர் எடுக்கிறேன். தாடைக்குக் கீழேயும் முதுகிலும் பெரிய பெரிய பருவாக வருகிறது. கை மரத்துப்போகிறது என்று பி12 ஊசியும் போட்டேன். "ரத்தம் கெட்டுப்போச்சு" என்கிறார்கள். பால், முட்டை, பிரியாணி எல்லாவற்றையும் நிறுத்தவா?
*வாசகர், ஓசூர்*

ரத்தம் கெடவில்லை தம்பி. உங்கள் கடிதத்திலேயே மூன்று காரணம் இருக்கிறது.

ஒன்று, புரோட்டீன் பவுடர். அது பாலிலிருந்து எடுக்கும் வே புரோட்டீனாக இருந்தால் சிலருக்குப் பருவைக் கிளப்பும், அதுவும் முதுகிலும் நெஞ்சிலும். மூன்று மாதம் நிறுத்திப் பாருங்கள். முட்டை, கொண்டைக்கடலை, மீன், பருப்பில் கிடைக்கும் புரதம் உங்களுக்குப் போதும். ஜிம்மில் "சீக்கிரம் உடம்பு ஏறும்" என்று ஊசியோ மாத்திரையோ கொடுத்திருந்தால் அதை டாக்டரிடம் மறைக்காதீர்கள். ஆண் ஹார்மோன் கலந்த சரக்கு ஆழமான பருவை முகம், முதுகு எல்லாம் வாரி இறைத்துவிடும். நல்ல உடம்போடு வந்த இளைஞர்கள் முதுகு முழுக்கத் தழும்போடு நிற்பதைப் பார்த்து நான் மிகவும் வருந்தியிருக்கிறேன்.

இரண்டு, பி12. அது குறைந்தவர்களுக்குத் தேவையான மருந்துதான், நானே எழுதிக் கொடுப்பேன். ஆனால் அளவு அதிகமானால் சிலருக்குத் திடீரென்று பரு கிளம்பும். நீங்களாக நிறுத்த வேண்டாம். ஊசி போட்ட டாக்டரிடம் ரத்தத்தில் பி12 அளவு எவ்வளவு, இன்னும் தேவையா என்று கேளுங்கள். காசநோய்க்குக் கொடுக்கும் ஐசோனியாசிட், வலிப்புக்குக் கொடுக்கும் ஃபெனிடாயின், எந்தக் காரணத்துக்காகவும் எடுக்கும் ஸ்டீராய்டு மாத்திரை, இவையும் இதைச் செய்யும். பருவோடு வருபவர்களிடம் நாங்கள் மருந்துச் சீட்டை எல்லாம் கேட்பது இதற்காகத்தான்.

மூன்று, ஹெல்மெட் வார். வியர்வையில் ஊறிய வார் தாடைக்குக் கீழே தினமும் உரசுகிற இடத்திலேயே பரு வருகிறதா என்று கண்ணாடியில் பாருங்கள். ஹெல்மெட்டைக் கழற்றச் சொல்லவில்லை! வாரையும் உள்துணியையும் வாரம் ஒரு முறை சோப்புத் தண்ணீரில் துவைத்துக் காயவையுங்கள், வாருக்கு மெல்லிய பருத்தித் துணி சுற்றுங்கள். ஜிம் முடிந்ததும் நனைந்த பனியனோடு உட்கார்ந்திருக்க வேண்டாம்.

சாப்பாட்டைப் பற்றி: பிரியாணியால் பரு வரும் என்பதற்கு ஆதாரம் இல்லை. ரத்தச் சர்க்கரையைச் சட்டென்று ஏற்றும் உணவோடு தொடர்பு உண்டு. 2007-ல் ஆஸ்திரேலியாவில் இளம் ஆண்களை வைத்து 12 வாரம் நடத்திய ஆய்வில், அப்படிப்பட்ட உணவைக் குறைத்தவர்களுக்குப் பரு குறைந்தது. ஆகவே சர்க்கரை போட்ட டீயின் எண்ணிக்கை, குளிர்பானம், மைதா பரோட்டா, பேக்கரிப் பலகாரம் இவற்றில் கை வையுங்கள். டீயில் ஊற்றும் கொஞ்சம் பாலுக்காகப் பயப்பட வேண்டாம். மருந்து முதல் வாசகிக்குச் சொன்னதுதான், ஸ்பைரனோலாக்டோன் மட்டும் ஆண்களுக்கு வேண்டாம், மார்பு வீங்கும்.

என் மகளுக்கு 27 வயது. கல்யாணத்துக்குப் பார்த்துக்கொண்டிருக்கிறோம். தாடையில் அவ்வப்போது பெரிய பரு வந்து கருப்பாகத் தங்கியது. மெடிக்கலில் கேட்டு ஒரு க்ரீம் வாங்கினோம். ஒரே வாரத்தில் முகம் பளிச்சென்று ஆனது. எட்டு மாதம் போட்டாள். இப்போது ஒரு நாள் போடாவிட்டால் முகம் எரிகிறது, சிவக்கிறது, பரு முன்பைவிட அதிகம். வெயிலில் நிற்க முடியவில்லை. அடுத்த மாதம் பெண் பார்க்க வருகிறார்கள். என்ன செய்வது?
*ஒரு தாய், கும்பகோணம்*

அம்மா, அந்த டியூபைத் தேடி எடுத்து, பொடி எழுத்தில் இருக்கும் மருந்தின் பெயரைப் படியுங்கள். பீட்டாமெத்தசோன், மொமெட்டாசோன், குளோபெட்டசால், ஃப்ளூசினோலோன், இவற்றில் ஏதாவது ஒன்று இருந்தால் அது ஸ்டீராய்டு. பெரும்பாலும் ஹைட்ரோகுவினோன், ட்ரெட்டினாயின் இரண்டோடும் ஒரு ஸ்டீராய்டைச் சேர்த்த மூன்று மருந்துக் கலவையாக இருக்கும். அது மங்குக்காக, டாக்டர் பார்வையில், சில வாரங்கள் மட்டும் போடுவதற்கு வந்த மருந்து. நம் ஊரில் அதைச் சிவப்பழகு க்ரீமாக விற்கிறார்கள், பருவுக்கும் கொடுக்கிறார்கள்.

முதல் வாரம் பளிச்சென்று ஆனதற்குக் காரணம் உண்டு. ஸ்டீராய்டு வீக்கத்தை அடக்கும், ரத்தக் குழாயைச் சுருக்கும், தோலை வெளுக்கச் செய்யும். உள்ளே அடைப்பு அப்படியே இருக்கும். மாதக்கணக்கில் போட்டால் தோல் மெலிந்து, சிவப்பாக ரத்தக் குழாய்கள் தெரியும், முடி வளரும், ஸ்டீராய்டே புதிதாகப் பருவை உண்டாக்கும். நிறுத்தினால் எரியும், எரிகிறதே என்று மறுபடி போடச் சொல்லும். உங்கள் மகள் இப்போது அந்தச் சுழலில் இருக்கிறாள். இப்படி மாட்டிய பெண்களை என் ஓ.பி.யில் பார்க்காத வாரமே இல்லை. 2018-ல் மத்திய அரசு 14 ஸ்டீராய்டு பூச்சு மருந்துகளை மருந்துச் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத பட்டியலில் சேர்த்தது. ஆனாலும் கேட்டால் எடுத்துக் கொடுக்கும் கடைகள் இன்னும் இருக்கின்றன. ஒரு பெண்ணின் முகத்தை வைத்து இந்த வியாபாரம் நடப்பதை நினைத்தால் எனக்கு ஆறவே மாட்டேன் என்கிறது.

"முதல் கேள்விக்கு நீங்களே ஸ்டீராய்டு ஊசி சொன்னீர்களே?" என்று யாராவது கேட்பீர்கள். அது ஒரு உருண்டைக்குள், ஒரு துளி, ஒரு முறை. இது முகம் முழுக்க, தினமும், எட்டு மாதம்.

திடீரென்று நிறுத்திவிட்டு வீட்டில் உட்கார வேண்டாம். இந்த வாரமே தோல் மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். வலுக்குறைந்த மருந்துக்கு மாற்றிப் படிப்படியாக இறக்குவதா, உடனே நிறுத்தி எரிச்சலுக்கு வேறு மருந்து கொடுப்பதா என்பதை முகத்தைப் பார்த்து அவர் முடிவு செய்வார். பெரும்பாலும் டாக்சிசைக்ளின் போன்ற ஆன்டிபயாடிக் மாத்திரையும் சில வாரம் தேவைப்படும். அதை ஒரு முழு டம்ளர் தண்ணீரோடு விழுங்கி, அரை மணி நேரமாவது படுக்காமல் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் உணவுக்குழாயில் புண் வரும். பாலோடும் இரும்புச்சத்து மாத்திரையோடும் சேர்த்துச் சாப்பிடக் கூடாது. வெயில் சுருக்கென்று ஏறும். மூன்று நான்கு மாதத்துக்கு மேல் நீட்டக் கூடாது. வாசனை இல்லாத மாய்ஸ்சரைசர், சன்ஸ்கிரீன் தவிர வீட்டில் வேறு எதையும் போடாதீர்கள். கடலைமாவு, தயிர், கஸ்தூரி மஞ்சள் எல்லாம் இப்போது எரியத்தான் செய்யும். அழகு நிலையத்தில் ஃபேஷியல், ப்ளீச் வேண்டவே வேண்டாம்.

இதெல்லாம் அடங்க வாரங்கள் பிடிக்கும், சிலருக்கு மாதங்கள். அடுத்த மாதத்துக்குள் முகம் சரியாகிவிடும் என்று நான் உங்களுக்கு வாக்குக் கொடுக்க மாட்டேன். பார்க்க வருகிறவர்களிடம் நாளைத் தள்ளி வைக்கச் சொல்லுங்கள், அல்லது "முகத்துக்கு வைத்தியம் நடக்கிறது" என்று வெளிப்படையாகச் சொல்லுங்கள். அவளைச் சிவப்பு முகத்தோடு பவுடர் அப்பி உட்காரவைக்காதீர்கள். எட்டு மாதமாக அவள் பட்ட எரிச்சலுக்கு அம்மா நீங்கள் பக்கத்தில் நிற்கிறீர்கள் என்பது அவளுக்குத் தெரிய வேண்டும்.

எனக்கு 31 வயது. ஜெல், மாத்திரை எல்லாம் பார்த்தாகிவிட்டது, ஆழமான பரு வந்து தழும்பு விழுவது நிற்கவில்லை. டாக்டர் ஐசோட்ரெட்டினாயின் என்ற மாத்திரை எழுதியிருக்கிறார். ஈரல் போய்விடும், குழந்தையே பிறக்காது என்று தோழி பயமுறுத்துகிறாள். அடுத்த வருடம் குழந்தைக்குத் திட்டமிட்டிருக்கிறோம்.
*வாசகி, திருப்பூர்*

உங்கள் தோழி இரண்டு விஷயத்தைக் கலந்துவிட்டார். இந்த மருந்து கருத்தரிக்கும் திறனைக் கெடுப்பதில்லை. ஆனால் சாப்பிடும் காலத்தில் கரு உண்டானால் குழந்தையின் மூளை, இதயம், முகம், காது என்று கடுமையான ஊனங்கள் ஏற்படலாம். அதில் விட்டுக்கொடுக்கவே இடமில்லை. தொடங்குவதற்கு ஒரு மாதம் முன், சாப்பிடும் காலம் முழுக்க, முடித்து ஒரு மாதம் வரை நம்பகமான கருத்தடை வேண்டும். தொடங்கும் முன் கர்ப்பப் பரிசோதனை வேண்டும். முடித்து ஒரு மாதம் கழிந்த பிறகு கருத்தரித்தால் அந்தப் பயம் இல்லை.

அமெரிக்காவில் 1982-ல் ஒப்புதல் கிடைத்ததிலிருந்து பயன்பாட்டில் இருக்கும் மருந்து இது. எண்ணெய்ச் சுரப்பியையே சுருக்கிவிடுவதால், மற்ற எதற்கும் மசியாத ஆழமான பருவுக்கு இதை விஞ்சிய மருந்து இன்றும் இல்லை. ஈரல் நொதிகளும் ட்ரைகிளிசரைடு என்ற ரத்தக் கொழுப்பும் சிலருக்கு ஏறும். அதற்குத்தான் ரத்தப் பரிசோதனை. ஏறினால் அளவைக் குறைப்போம் அல்லது நிறுத்துவோம், பெரும்பாலும் தானாகவே இறங்கிவிடும்.

எல்லாருக்கும் வருவது உதடு வறட்சி. உதடு வெடித்து, கடையோரம் கிழிந்து, காரக்குழம்பு சாப்பிட முடியாமல் போகும். வாசலின் டப்பா ஒன்று கைப்பையில், ஒன்று தலையணைப் பக்கத்தில் இருக்கட்டும். மூக்கு உள்ளே காய்ந்து ரத்தம் கசியலாம். முகத்தில் வேக்ஸிங் செய்யாதீர்கள், மேல்தோல் உரிந்து வந்துவிடும். கொழுப்புள்ள சாப்பாட்டோடு விழுங்கினால்தான் மருந்து சரியாக ஏறும். டாக்சிசைக்ளினோடும் வைட்டமின் ஏ மாத்திரையோடும் சேர்க்கக் கூடாது. சாப்பிடும் காலத்திலும் முடித்து ஒரு மாதம் வரையும் ரத்த தானம் கூடாது. மனச்சோர்வு, காரணமில்லாத அழுகை தெரிந்தால் உடனே டாக்டரிடம் சொல்ல வேண்டும். மீதமான மாத்திரையைத் தங்கைக்கோ தோழிக்கோ கொடுக்காதீர்கள்.

உங்களைப் பொறுத்தவரை நாட்காட்டிதான் முடிவு செய்ய வேண்டும். இந்த மருந்து பொதுவாகப் பல மாதம் நீளும். குழந்தைக்கு நீங்கள் நினைத்திருக்கும் மாதத்திலிருந்து பின்னோக்கி எண்ணிப் பாருங்கள். இடம் இருந்தால் தாமதிக்காமல் தொடங்கி முடித்துவிடுங்கள், தழும்பு விழும் பருவை வருடக்கணக்கில் வளர்ப்பதைவிட அது நல்லது. இடம் இல்லையென்றால் அசெலாயிக் அமில க்ரீம் இருக்கிறது. அதன் வேகம் குறைவு, ஆனால் கர்ப்ப காலத்திலும் போடலாம்.

வயது 42. பரு இப்போது குறைந்துவிட்டது. பழுப்புக் கறைகளும் நாலைந்து பள்ளங்களும் இருக்கின்றன. லேசர் செய்துகொள்ள நிறையச் செலவாகுமாம். அரசு மருத்துவமனையில் இதற்கெல்லாம் பார்ப்பார்களா?
*வாசகி, விழுப்புரம்*

கறை வேறு, பள்ளம் வேறு. பழுப்புக் கறை தழும்பே இல்லை. வீங்கிய இடத்தில் நிறமி தங்கியிருக்கிறது, அவ்வளவுதான். நம்மைப் போன்ற மாநிறத் தோலில் அது மாதக்கணக்கில் இருக்கும், ஆனாலும் மங்கும். வெயில் பட்டால் மங்குவது தள்ளிப்போகும். தினமும் சன்ஸ்கிரீன் போடுங்கள், லேசான பழுப்பு நிறம் கலந்தது என்றால் இன்னும் நல்லது, அதிலுள்ள இரும்பு ஆக்சைடு கண்ணுக்குத் தெரியும் ஒளியையும் தடுக்கும். இரவில் அசெலாயிக் அமிலமோ அடாபலீனோ போடலாம். எலுமிச்சையைத் தேய்த்துவிட்டு வெயிலில் போனால் புதுக்கறைதான் வரும்.

பள்ளம் க்ரீமுக்கு நிரம்பாது. அடியில் இழுத்துப் பிடித்திருக்கும் நாரை ஊசியால் அறுத்துவிடுவது, நுண்ணூசி உருளை, லேசர் என்று பள்ளத்தின் வடிவத்தைப் பார்த்துச் செய்வார்கள். முழுதாக மறையும் என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள், ஆழம் குறையும். லேசருக்குப் பணம் கட்டும் முன் ஒன்றைப் பாருங்கள்: சில மாதமாகப் புதிதாக ஆழமான பரு எதுவும் வராமல் இருக்க வேண்டும். வந்துகொண்டே இருக்கும்போது பள்ளத்தைச் சரிசெய்வது வீண்செலவு.

அரசு மருத்துவமனையில் பார்ப்பார்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் தோல் நோய்ப் பிரிவு இருக்கிறது. உங்களுக்கு விழுப்புரத்திலேயே கல்லூரி இருக்கிறது. காலையில் ஓ.பி. சீட்டு போட்டு அங்கே போங்கள். "பருவுக்காகவா இவ்வளவு கூட்டத்தில் வந்தாய்?" என்று வரிசையில் யாராவது கேட்டால் பொருட்படுத்தாதீர்கள், உள்ளே இருக்கும் டாக்டர் அப்படி நினைக்க மாட்டார். இதுவரை போட்ட டியூப், அட்டை எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள். மாதவிலக்குத் தேதிகளைக் குறித்துக்கொள்ளுங்கள். பரு பெரிதாக இருந்த நாளில் ஜன்னல் வெளிச்சத்தில் மொபைலில் ஒரு படம் எடுத்து வையுங்கள். எப்போதாவது வருகிற பரு, டாக்டரைப் பார்க்கும் நாளில் பெரும்பாலும் இருக்காது. அந்தப் படத்தைக் காட்டினால் போதும்.